கால் படாத இடத்துப் பியோனி

சிறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இப்போது வாசிப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயனில்லை. பியோனிப் பூச்செடிக்கு வந்த நோயைப் பற்றி என் மகளிடம் ஒருமுறை சொல்லத் தொடங்கினேன். "ஜஸ்ற் லுக் இற் அப், மம்" என்றுவிட்டுப் போய்விட்டாள். தேடிப் பார்த்தால் நோயின் பெயர் வரும், மருந்து வரும். எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி எந்தத் தேடலிலும் வராது. அது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய வழி.

மெல்பேர்னில் எங்களுக்குத் தெரிந்த தமிழர் எல்லாரும் அப்போது ஸ்பிரிங்வேல் பக்கத்தில்தான் இருந்தார்கள். அப்பா மட்டும், வேலைத்தலம் கிட்ட என்று, கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு மரவீடு வாங்கினார். சனிக்கிழமைகளில் பச்சை நிறப் பழைய ஸ்டேஷன் வாகனில் ஸ்பிரிங்வேலுக்குப் போய் மீனும் முருங்கையிலையும் வாங்கி வருவோம். மற்ற நாளெல்லாம் குளிரும் குருவிச் சத்தமும்தான். காலை பத்து மணிவரை புல்லில் ஈரம் காயாது. அம்மா அந்த வீட்டை "குளிர்ப்பெட்டி" என்றுதான் சொல்வார்.

அந்தக் குளிர்ப்பெட்டியின் பின்வளவில் முதல் வசந்தத்தில் தரையைக் கீறிக்கொண்டு சிவப்பு முளைகள் வந்தன. பின்வேலியோரம் மூன்று பூஞ்செடிக் கண்டுகள். உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில், நாங்கள் நடந்து நடந்து புல்லே இல்லாமல் போன இடத்தில், நாலாவது ஒன்று. இலை விரிந்து, உருண்டை உருண்டையாக மொட்டு வைத்து, ஒரு நாள் காலையில் வேலியோரக் கண்டில் முதல் பூ விரிந்தது. இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய பூ. இளஞ்சிவப்பு இதழுக்குள் இதழ், நடுவில் மஞ்சள் தூள். மணம் ரோசாவும் எலுமிச்சந்தோலும் கலந்தது போல இருந்தது. சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிக் கதவிலேயே நின்றுவிட்டார்.

"தாமரையடி பிள்ளை" என்றார். "தண்ணியில்லாமல் தரையில பூக்கிற தாமரை."

"அது பியோனியாம்" என்றார் அப்பா. "வீடு வித்த மனிசி சொன்னவ. இலை பழுக்கிற காலத்தில அடியோட வெட்டி, கூட்டி எறியவேணுமாம்."

"பூக்கிற கண்டை ஆரும் வெட்டுவினமே? அவவுக்கு விசர்."

பேச்சு அத்தோடு முடிந்தது. வெட்டுவதில் அப்பாவுக்கும் பெரிய ஆசை இருக்கவில்லை. வேலை ஒன்று குறைந்தது என்று விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. எனக்கு மாமா. சண்டை நடக்கிற ஊரில் தனியே நின்றுவிட்டவர். எப்படியாவது கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்துவிட வேண்டும் என்று அவர் எழுதுவதும், வா வா என்று அம்மா எழுதுவதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. அந்த முதல் வருடம் கந்தசஷ்டி விரதத்து ஆறு நாளும் பியோனி பூத்தது. அதே கிழமையில் மாமாவின் நீலக் கடிதமும் வந்தது, வர வழி பிறக்கும் போலிருக்கிறது என்று. அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தம்பி வந்து சேரும்வரை ஒவ்வொரு சஷ்டிக்கும் இந்தத் தாமரையை முருகனுக்கு வைப்பேன் என்று நேர்ந்துகொண்டார்.

பூசைப் பூ வாடினால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும். குப்பையில் போடக்கூடாது. யாரும் மிதிக்கக்கூடாது. கால் படாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். எங்கள் வளவில் கால் படாத இடம் பின்வேலியோரம்தான். அம்மா ஒவ்வொரு நாளும் காலையில், ஸ்பிரிங்வேலில் வாங்கிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் கூடையில் முதல்நாள் பூவை அள்ளிக்கொண்டு போய், அந்த மூன்று கண்டின் அடியிலும் பக்குவமாகப் போட்டுவிட்டு வருவார். பியோனி முடிந்தபின் ரோசா, ரோசா முடிந்தபின் செவ்வந்தி, மாரிக் குளிரில் பக்கத்து வீட்டுக் கமேலியா. சாமி தொட்ட பூ கண்டுக்குப் பசளை என்று அவருக்குத் திருப்தி. அரிசி கழுவிய தண்ணீரையும் அதற்கு மேலேயே ஊற்றுவார். நானும் கூடை தூக்கியிருக்கிறேன். காலடியில் மெத்தை மாதிரி அமுங்கும், புளித்த தோசைமா மணக்கும்.

இரண்டாவது வருடம் குளிர்காலத்தோடு கடிதங்கள் நின்றன.

தபால் பெட்டியின் தகர மூடி அடிபடுகிற சத்தத்துக்கு அம்மா வாசலுக்கு ஓடுவார். மின்சாரக் கட்டணமும் விளம்பரத் தாள்களும் வந்துகொண்டிருந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்ன செய்திகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மாமாவின் தெருவில் ஷெல் விழுந்தது என்றார் ஒருவர். அவரைப் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்வி என்றார் இன்னொருவர். அந்தத் தெருவில் இப்போது யாருமே இல்லை என்றார் மூன்றாமவர். அம்மா எல்லாரையும் கேட்டார், எவரையும் நம்பவில்லை. மாமா வந்து இறங்கும்போது போட ஒரு தடித்த கோட்டு மலிவு விற்பனையில் வாங்கி, கதவுக்குப் பின்னால் கொளுவி வைத்திருந்தார். அது அங்கேயே தொங்கியது. "பியோனி பூக்கட்டும், கடிதம் வரும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பியோனி முளைத்தது. ஆனால் வேலியோரத்து முளைகள் சில, சாண் உயரம் வந்ததும் கழுத்து முறிந்தவை போல் சரிந்தன. சரிந்த இடத்தில் தண்டு கபில நிறமாகி நொளுநொளுத்திருந்தது. தப்பியவை மொட்டு வைத்தன. பட்டாணி அளவு வந்தபோதே மொட்டுகள் கறுத்தன. இலைகளில் நெருப்புச் சுட்டது போல் கறை. ஒரு மொட்டை நான் விரலால் தட்டினேன். சாம்பல் நிறத்தில் தூள் பறந்தது.

அன்று பின்னேரம் குசினி வாசலில் நின்று நான் கேட்டதை இன்றும் மறக்கவில்லை. அம்மா அரிசிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

"மூண்டு கண்டிலயும் மொட்டுக் கருகிப் போச்சு" என்றார் அப்பாவிடம். "முருகன் சொல்லிப்போட்டான். தம்பி இனி இல்லையப்பா."

"உமக்கு விசரே? பூவுக்கும் அவனுக்கும் என்ன? நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். சிற்றியில போய்ப் பதிவம். சண்டையில தொலைஞ்சவையைத் தேடிக் குடுக்கிற இடம் இருக்கு."

"பதிஞ்சா, அவன் காணாமப் போனவன் எண்டு நானே வாயால சொன்ன மாதிரி. மாட்டன்."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கதவுக்குப் பின்னால் கோட்டு இல்லை. அம்மா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். செத்தவர்களின் உடுப்பை மடிப்பது போல் மடித்தார் என்று எங்களோடு தங்கியிருந்த முன்னறை அன்ரி என்னிடம் சொன்னார். மாமாவை எனக்கு நன்றாக நினைவில்லை. சைக்கிள் முன்தண்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனவர் என்ற அளவில்தான் தெரியும். ஆனால் அம்மா அவரைச் சாகடித்துவிட்டார் என்பது தெரிந்தது. அந்தப் பூ ஒன்றாவது விரிந்தால் அம்மா அவரைத் திரும்ப உயிராக்கிவிடுவார் என்றும் தெரிந்தது. சஷ்டிக்கு முன்னர் பூவை விரிய வைத்தே தீருவது என்று நின்றேன். எனக்கு அப்போது பத்து வயது. பிடித்தால் விடமாட்டேன், இன்றைக்கும் அப்படித்தான்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது. அப்பாவுக்குக் குற்றவாளி எறும்பு. மொட்டில் எறும்பு ஊர்வதைக் கண்டு, கண்டைச் சுற்றி வெள்ளை மருந்தால் வட்டம் போட்டார். பாவம் அந்த எறும்புகள். பியோனி மொட்டில் கசியும் தேனை நக்கத்தான் வந்தவை, ஒரு கெடுதலும் செய்யாதவை. அம்மா கண் பட்ட நாவூறு என்று மஞ்சள் தண்ணீர் கரைத்து, பொழுது சாய்கிற நேரம் இலை, மொட்டு எல்லாம் நனையக் கையால் தெளித்தார். அது ராத்திரி முழுக்க ஈரமாகவே நின்றது. நோய்க்குக் கம்பளம் விரித்து வரவேற்பு.

அதற்கும் மசியவில்லை என்றதும் பழி முன்னறை அன்ரி மேல் விழுந்தது. அன்ரி என்றாலும் அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். ஊரிலிருந்து தனியே வந்து, எங்கள் முன்னறையில் தங்கி, பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய உடுப்பில் எப்போதும் வனிலா மணக்கும்.

"நீ மாதத் துடக்கோட அந்தப் பக்கம் போனனியே?" என்று அம்மா கேட்டார்.

அன்ரியின் முகம் சிவந்துவிட்டது. "இல்லை அக்கா. நான் கொடியில உடுப்புப் போடத்தான் போறனான். வேலிப் பக்கம் போறேல்லை."

"எதுக்கும் இனிப் பின்வளவுக்கு வராத."

அதன்பின் அன்ரி தன் உடுப்பை அறைக்குள்ளேயே மேசைக் கதிரையின் முதுகில் காயப்போட்டார். குளிரில் அது இரண்டு நாளானாலும் காயாது. ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனார். அம்மா கெட்டவர் அல்ல, பயந்திருந்தார். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைத்தான் அடிப்பார்கள் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் பிடித்தது.

நான் ஒரு விசயத்தைக் கவனித்தேன். அன்ரி பின்வளவுக்கு வராமல் விட்ட பிறகும் புது மொட்டுகள் கறுத்தன. எறும்பு ஒன்றுகூட இல்லாத கண்டிலும் கறுத்தன. மஞ்சள் தண்ணீர் அதிகம் பட்ட கண்டு இன்னும் மோசமாகிக்கொண்டிருந்தது. கறுத்த மொட்டு ஒன்றைத் தண்டோடு முறித்து, சான்ட்விச் பையில் போட்டு, சனிக்கிழமை வாகனில் ஏறினேன். போகிற வழியில் பூக்கண்டு விற்கிற பெரிய வளவு ஒன்று இருந்தது.

"அப்பா, இதில நிப்பாட்டுங்கோ."

"மீன் முடிஞ்சிடும் பிள்ளை."

"நிப்பாட்டாட்டி நான் ஸ்பிரிங்வேலிலயும் இறங்கமாட்டன்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டு நிறுத்தினார். அங்கே இருந்த பெண் பையை வாங்கி, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியால் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு டொக்டர் கேட்பது போல என்னிடமே கேள்வி கேட்டார். எப்போது தண்ணீர் விடுகிறீர்கள், மேலேயா அடியிலா, போன வருடத்து இலையை வெட்டினீர்களா, கண்டின் அடியில் என்ன கிடக்கிறது. பிறகு சொன்னார்: இது சாம்பல் பூஞ்சணம். குளிரும் ஈரமும் இதற்குப் பிடிக்கும். செத்த இலையிலும் அழுகின பூவிலும் மாரி முழுக்கக் குடியிருந்து, வசந்தத்தில் முளைக்கு ஏறும். கறுத்ததை எல்லாம் நல்ல தண்டு வரைக்கும் வெட்டு. வெட்டியதை அந்த இடத்திலேயே பைக்குள் போடு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடை. அடியைத் துப்புரவாக்கு, முளை மூச்சு விடட்டும். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடு. தப்பியதற்குச் செப்பு மருந்து தெளி.

"அழுகின பூ ஏதாவது அடியில் இருக்கிறதா?" என்று திரும்பவும் கேட்டார். இல்லை என்றேன். அது அழுகின பூ என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சாமிப் பூ.

வீட்டுக்கு வந்து, மீன் பையோடு கொடியடியால் போகும்போதுதான் நாலாவது கண்டைப் பார்த்தேன். அதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளுடுப்பு எல்லாம் காய்கிற கொடிக்குக் கீழே நின்றதால் அம்மா அதன் பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதை உரசிக்கொண்டு போவோம். அதன் இலையில் ஒரு கறை இல்லை. மொட்டுகள் பச்சையாக, கொழுகொழுவென்று நின்றன. அடியில் வெறும் காய்ந்த மண். ஏன் அடியில் ஒன்றும் இல்லை என்று நினைத்த அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கால் படுகிற இடம் என்பதால் அங்கே அம்மா பூப் போடவே இல்லை.

ஓடிப் போய் வேலியோரத்தில் குந்தி, மேலாகக் கிடந்த கமேலியாக்களைத் தடியால் கிளறினேன். உள்ளே அடை அடையாகக் கபிலக் கூழ். அதன்மேல் மொட்டில் கண்ட அதே சாம்பல் மயிர். ஒரு வருடத்துப் பூசை அங்கே கிடந்தது.

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். முதலில் ஏசினார். "சாமிப் பூவை ஏன் தடியால கிண்டிறாய்?" என்று தடியைப் பறித்தார். நான் அழுதுகொண்டே கொடியடிக் கண்டைக் காட்டினேன், மொட்டைக் காட்டினேன், கூழைக் காட்டினேன். கடைக்காரப் பெண் சொன்னதெல்லாம் சொன்னேன். அம்மா குனிந்து, கூழைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஊரில எண்டா மத்தியானத்துக்குள்ள வெயில் தின்னும்" என்றார் கடைசியாக. "இஞ்ச ஆர் தின்னுறது?"

அதுதான் சங்கதி. சாமிப் பூவைக் கால் படாத இடத்தில் போடச் சொன்னவர்கள் எல்லாரும் வெயிலுக்குள் இருந்து சொன்னவர்கள். ஊரில் அரைநாளில் சருகாகிப் பறந்துவிடும் பூ, இங்கே வருடம் முழுக்க ஊறிக்கொண்டு கிடந்தது. அம்மா பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்தது முழுக்க ஈரம்.

சரி, அள்ளுவது என்று முடிவானது. எங்கே போடுவது? குப்பை என்ற சொல்லையே அம்மா காதில் வாங்கவில்லை. தெரிந்த கோயில் ஐயர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டார். ஓடுகிற தண்ணீரில் விடலாம், கடலில் விட்டாலும் தோஷமில்லை என்றார் ஐயர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா அள்ளி அள்ளிக் கறுத்தப் பைகளில் கட்டினார். வாகனின் பின்பக்கம் நிரம்பியது. கடற்கரைக்கு அரைவாசி வழியில் நாற்றம் தாங்காமல் எல்லாக் கண்ணாடியையும் இறக்கினோம். குளிர்காற்று காதைப் பிய்த்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை, திறந்தால் மணம் உள்ளே போய்விடும் என்று.

கடற்கரையில் நாய் கூட்டிக்கொண்டு நடந்த இரண்டொருவரைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, முருகா என்று சொல்லி முதல் பையை அவிழ்த்துக் கவிழ்த்தார். கூழ் மெல்ல மிதந்து போனது. அம்மா கும்பிட்டார். அடுத்த அலை முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் கொட்டியது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. சேலையில், காலில், என் சப்பாத்தில் எல்லாம் அழுகின கமேலியா. நாய்க்காரர் ஒருவர் நின்று பார்த்தார். அவருடைய நாய் பூவை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா திரும்பி முறைத்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கால் படக்கூடாத பூவை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் சிரிப்பு வந்தது. கடிதம் நின்றபின் அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"கடலே வேண்டாம் எண்டுது" என்றார். "அள்ளுங்கோ. அந்தா, அந்த வாளிக்குள்ள போடுவம்."

அலையில் கிடந்ததை ஒன்று விடாமல் பொறுக்கி, மற்றப் பைகளோடு கடற்கரையின் பெரிய குப்பை வாளியில் போட்டார். போடும்போது கும்பிடவில்லை. மூடியை அழுத்திச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து உடுப்பும் மாற்றாமல் புதுக் கத்தரியையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்துக்கொண்டு வேலியோரத்தில் குந்தினார். பூக்கிற கண்டை ஆரும் வெட்டுவினமே என்று கேட்ட அதே அம்மா. நான் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒரு வெட்டு, ஒரு துடைப்பு என்று போனார். "புண் எண்டா வெட்டத்தானே வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடிந்தபோது மூன்று கண்டில் இரண்டு மொட்டையாகிவிட்டன. நடுக்கண்டில் மட்டும் பச்சையாக மூன்று மொட்டு மிஞ்சியது. செப்பு மருந்தில் இலைகள் நீலம் பூசிக்கொண்டன. ஒவ்வொரு காலையும் நான் பள்ளிக்கூடம் போகமுன் தேநீர்க் கேத்தலால் வேரில் மட்டும் தண்ணீர் விட்டேன். சில நாளில் ஒரு மொட்டுக் கறுத்தது. வெட்டினோம். பின்பு இன்னொன்று. அதையும் வெட்டினோம். கடைசி மொட்டு மட்டும் நின்றது. அதற்கு முன்னால் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

சஷ்டி தொடங்கியபோதும் அது இறுகிய உருண்டையாகவே இருந்தது. கொடியடிக் கண்டோ கூட்டமாகப் பூத்துக்கொண்டு நின்றது. விரதத்தின் முதல் நாள் காலையில் அம்மா தலை முழுகிவிட்டுக் கூடையோடு பின்கதவில் நின்றார். கொடியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு முன்னறைக் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, போய்க் கொடியடியில பூ ஆய்ஞ்சு கொண்டு வா."

அன்ரி நம்பாமல் நின்றார். "நானோ அக்கா?"

"நீதான். போகேக்க அறைக்குள்ள கிடக்கிற உன்ர உடுப்பையும் கொண்டு போய்க் கொடியில போடு. நல்ல காத்தடிக்குது."

அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை வாங்கினார். அம்மா மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. ஆறு நாளும் அன்ரிதான் பூ ஆய்ந்தார்.

நான் விரதம் இல்லாவிட்டாலும் அந்த ஆறு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு விரிந்துவிடு, இன்றைக்கு விரிந்துவிடு என்று மொட்டிடம் கெஞ்சினேன். அது வீங்கியது, மெத்தென்றானது, நுனியில் சிவப்புக் காட்டியது. விரியவில்லை. ஆறாம் நாளும் போனது. அம்மா சூரசங்காரம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் விரதம் முறிக்கிற பாரணையும் முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் அது விரிந்தது. இரண்டு கையால் ஏந்துகிற அளவு இல்லை, ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான். ஒரு பக்க இதழ் கொஞ்சம் கசங்கியிருந்தது. நான் கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

"அம்மா, பூத்திட்டுது. மாமா இருக்கிறார்."

அம்மா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் குந்தினார். வெகுநேரம் பார்த்தார். இதழில் ஓர் எறும்பு நடந்தது. அதைத் தட்டவில்லை. பூவை ஆயவும் இல்லை.

"விரதம் முடிஞ்சுதடி" என்றார்.

"அது பரவாயில்லை. ஒரு நாள்தானே பிந்தினது. முருகன் கணக்கெடுப்பார்."

"பிள்ளை, இஞ்ச பார். கருகினது பூஞ்சணத்தால. விரிஞ்சது நாங்கள் வெட்டித் துப்புரவாக்கினதால. நீதானே எனக்குக் காட்டினனி." என் கன்னத்தைத் துடைத்தார், அவருடைய கையில் உள்ளி மணத்தது. "அப்ப இந்தப் பூ மாமாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. கருகேக்கயும் சொல்லேல்லை. இப்பவும் சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடும் எதற்குப் பட்டேன்? "அப்ப மாமா எங்க?" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியாது." அம்மா எழும்பிச் சேலையைத் தட்டினார். "கேட்டால்தான் தெரியும்."

உள்ளே போய் அப்பாவிடம், "நாளைக்கு லீவு போடுங்கோ. சிற்றிக்குப் போய்ப் பதிவம்" என்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஓம் என்று தலையாட்டினார்.

என் வயதுக்காரரே, மாமாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்தப் பதிவுக்கு முடிவான பதில் இன்றுவரை இல்லை. அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. வருடத்துக்கு ஒரு தரம் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஏதும் தெரிந்ததா என்று கேட்கிறார். இல்லை என்றால், "சரி, வாற வருசமும் எடுப்பன்" என்று சொல்லி வைக்கிறார். இலை பழுக்கிற காலத்தில் பியோனியை அடியோடு வெட்டி வாளியில் போடுகிறார். அவரைப் பார்த்துத்தான் எனக்கும் எதையும் பாதியில் விடத் தெரியாமல் போனது.

அந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ரயிலேறி நகரத்துக்குப் போனோம். மாடியில் ஓர் அறை, மேசைக்குப் பின்னால் ஒரு பெண். பேர், ஊர், வயது, கடைசியாகக் கடிதம் வந்த மாதம் என்று கேட்டுக்கொண்டு போனார். ஆங்கிலம் என்றால் எப்போதும் அப்பாவை முன்னுக்குத் தள்ளுகிற அம்மா, அன்று அப்பாவை விடவில்லை. தடக்கித் தடக்கித் தானே சொன்னார். கடைசியில் அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு, குரலைத் தணித்து ஒன்று கேட்டார். கெட்ட செய்தி கிடைத்தாலும் உங்களுக்கு அறிவிக்க வேண்டுமா? சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் பரவாயில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பதிவதற்கே பயந்திருந்தவர் இதற்கு என்ன சொல்வாரோ என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்தேன். அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"யெஸ்" என்றார். "குட் நியூஸ், பாட் நியூஸ், எனி நியூஸ். யூ ரெல் மீ."